உருகிய உப்பு அணு உலை: ஒரே ஒரு எண் விஞ்ஞானிகளைச் சுற்றலில் விட்ட கதை

யூடியூபில் 'தோரியம்' என்று தமிழில் அடித்துப் பாருங்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணல், அதில் இருக்கும் மோனசைட், அதிலிருந்து தோரியம், அதைப் போட்டு ஓட்டுகிற 'உருகிய உப்பு அணு உலை', அப்புறம் தலைமுறை தலைமுறையாக கரன்ட் கவலையே கிடையாது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், அதிரடியான பின்னணி இசையோடு.

மணலில் மோனசைட் இருப்பது உண்மை. உருகிய உப்பு உலை ஒன்று ஓடியதும் உண்மை. ஆனால் அந்த மாதிரி வீடியோக்களில் பெரும்பாலும் வராத ஒரு சங்கதி இருக்கிறது. 650 டிகிரி செல்சியஸில் ஓடும் உப்பிலிருந்து வெப்பத்தை எப்படி வெளியே எடுப்பது? கேட்க ஏதோ பிளம்பிங் வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த வேலையில்தான் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு, இந்தத் துறையின் முன்னோடி ஆய்வகமே ஏமாந்தது. இன்றைக்கும் சீனா, அமெரிக்கா, ஐரோப்பா, மும்பை என்று பல இடங்களில் இதற்கென்றே குழாயும் ஹீட்டருமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

உப்புன்னா எந்த உப்பு?

சாம்பாருக்குப் போடுகிற உப்பு இல்லை. இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது ஃப்ளோரைடு உப்புகள். லித்தியம் ஃப்ளோரைடு இரண்டு பங்கு, பெரிலியம் ஃப்ளோரைடு ஒரு பங்கு கலந்தால் கிடைப்பதற்கு 'ஃப்ளைப்' என்று செல்லப் பெயர். 459 டிகிரியில் உருகும். உருகிய பிறகு பார்த்தால் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கொதிப்பதற்கு 1,400 டிகிரிக்கு மேல் போக வேண்டும்.

இதில்தான் கவர்ச்சியே. கூடங்குளம் மாதிரி உலைகளில் தண்ணீர் 300 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அது ஆவியாகாமல் இருக்க, வளிமண்டலத்தைப் போல சுமார் 155 மடங்கு அழுத்தம் கொடுத்து அடைத்து வைக்கிறார்கள். உப்புக்கு அந்த அழுத்தம் தேவையில்லை. யுரேனியத்தையே ஃப்ளோரைடாக மாற்றி அந்த உப்பில் கரைத்துவிடலாம். எரிபொருளும் அதுவே, வெப்பத்தைச் சுமந்து வருவதும் அதுவே. எரிபொருளைத் திடமாகவே வைத்து, உப்பைக் குளிர்விக்க மட்டும் பயன்படுத்தும் வகையும் உண்டு.

சுமப்பதில் உப்பு கெட்டிக்காரன். ஒரு லிட்டர் ஃப்ளைப் ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேண்டியதுதான். கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலையில் இருக்கிற திரவ சோடியத்தோடு ஒப்பிட்டால் நாலு மடங்குக்கு மேல்.

ஆனால் சுமப்பது வேறு, கைமாற்றிவிடுவது வேறு. வெப்பக் கடத்துத்திறன் என்று ஒரு அளவு இருக்கிறது. திரவம் அசையாமல் நிற்கும்போது வெப்பம் அதற்குள் எவ்வளவு சுலபமாகப் பரவும் என்பதைச் சொல்வது. சோடியத்துக்கு அது, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு, 65 வாட்டை ஒட்டி. ஃப்ளைப்புக்கு 1 வாட் சொச்சம். சோடியம் ஒரு உலோகம், அதனால் சூட்டைப் பட்டென்று பரப்பிவிடும். உப்பு அப்படி இல்லை. தட்டில் ஊற்றிய கூழ் ஓரத்தில் ஆறியிருக்கும், நடுவில் விரல் வைத்தால் சுட்டுவிடும் இல்லையா? குழாய்ச் சுவரை ஒட்டி நகர்கிற மெல்லிய உப்பு அடுக்கிலும் அதே கதைதான். நடுவில் இருக்கிற சூடு அந்த அடுக்கைத் தாண்டித்தான் சுவருக்கு வர முடியும். 700 டிகிரியில்கூட ஃப்ளைப்புக்குச் சாதாரணத் தண்ணீரைவிட ஐந்தாறு மடங்கு பாகுத்தன்மை இருப்பதால் அந்த அடுக்கு சுலபத்தில் கலைவதில்லை.

ஆக, 'சுவருக்கு வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகும்?' என்ற கேள்விக்குப் பதில் பெருமளவில் அந்த ஒரு வாட் சொச்சத்தைச் சார்ந்தது. அதைத் தப்பாக எடுத்துக்கொண்டால்?

10 மெகாவாட் கேட்டார்கள், 8தான் கிடைத்தது

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கிறது ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம். 1950-களில் அங்கே ஒரு விசித்திரமான வேலை நடந்தது: அணுசக்தியில் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கான உலை. 1954 நவம்பரில் அந்தச் சோதனை உலை சில நாட்கள் ஓடியது. உப்பின் வெப்பம் 860 டிகிரி வரை போனது. அணுசக்தியில் விமானம் பறக்கவே இல்லை, நல்லவேளை. ஆனால் உப்பைக் கையாளும் அனுபவம் மிஞ்சியது. ஆய்வக இயக்குநர் ஆல்வின் வெயின்பர்க் அதை மின்சாரம் தயாரிக்கும் உலைகளின் பக்கம் திருப்பினார்.

அப்படிப் பிறந்ததுதான் எம்எஸ்ஆர்இ என்ற உருகிய உப்புச் சோதனை உலை. 1965 ஜூன் 1-ல் முதல் தொடர்வினை. 1969 டிசம்பரில் நிறுத்தினார்கள். நாலரை வருஷம். மின்சாரம் எடுப்பது அதன் நோக்கமே இல்லை. உலையில் சூடாகும் எரிபொருள் உப்பு ஒரு வெப்பப் பரிமாற்றிக்குப் போகும். சுமார் 8 அடி நீளம், உள்ளே 150-க்கும் மேற்பட்ட குழாய்கள். அங்கே வெப்பம் யுரேனியம் கலக்காத இன்னொரு உப்புக்குக் கைமாறும். அந்த உப்பு ஒரு ரேடியேட்டருக்குப் போகும், விசிறிகள் ஊதும், வெப்பம் டென்னசி காற்றில் கலக்கும். கார் ரேடியேட்டரின் பூதாகரமான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வடிவமைத்தது 10 மெகாவாட் வெப்பத்துக்கு. ஓட்டிப் பார்த்தால் 8-ஐத் தாண்டவில்லை. அந்த 8-கூட நிச்சயமில்லை. உப்பு சுமந்து வந்த வெப்பத்தைக் கணக்கிட்டால் 8, எரிபொருளில் யுரேனிய ஐசோடோப்புகள் மாறிய அளவை வைத்துப் பார்த்தால் 7.3-ஐ ஒட்டி. ஒரே உலை, இரண்டு மீட்டர் ரீடிங்!

எங்கே மாட்டியது? முதல் காரணம் ரேடியேட்டர்தான். காற்று எதிர்பார்த்த அளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் வெப்பப் பரிமாற்றியும் கணக்குக்கு ரொம்பக் கீழேயே இருந்தது. இப்படி நடந்தால் எந்த இன்ஜினியரும் முதலில் சந்தேகப்படுவது குழாயில் ஏதாவது படிந்திருக்கிறதா என்பதைத்தான். நம் வீட்டு கீசரில் உப்பு படிவது மாதிரி. அப்படிப் படிந்தால் நாளாக ஆக நிலைமை மோசமாக வேண்டும். இங்கே அப்படி ஆகவில்லை. முதல் நாள் எவ்வளவு மந்தமோ, கடைசி வரை அதே மந்தம்.

குறை வன்பொருளில் இல்லை, காகிதத்தில் இருந்தது. எரிபொருள் உப்பின் வெப்பக் கடத்துத்திறன் 4.8 வாட்டை ஒட்டி என்று எடுத்துக்கொண்டு பரிமாற்றியை வடிவமைத்திருந்தார்கள். பிறகு கவனமாக அளந்தபோது வந்தது 1.4-ஐ ஒட்டி. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். புது எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டதும், கணிப்பும் உலை காட்டிய அளவும் கிட்டத்தட்ட ஒட்டிப்போயின.

பழி போனது படிவின் மேல்

இது முதல் தடவை இல்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

1950-களிலேயே ஓக் ரிட்ஜிலும், நாசாவுக்கு முன்னோடியான அமைப்பின் ஆய்வகத்திலும் 'ஃப்ளிநாக்' என்ற இன்னொரு உப்பைக் குழாயில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றின் ஃப்ளோரைடுகளும் கலந்தது. இன்கோனெல் என்ற உலோகக் கலவையில் செய்த குழாய்களில், எதிர்பார்த்த வெப்பத்தில் பாதியை ஒட்டித்தான் கைமாறியது.

குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய படிவு. இன்கோனெலில் இருக்கும் குரோமியத்தை உப்பு அரித்து எடுத்து, பொட்டாசியம்-குரோமியம் ஃப்ளோரைடாகச் சுவரிலேயே ஒட்டவைத்திருந்தது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி. 'படிவு போர்வை மாதிரி மூடிக்கொண்டது, அதனால்தான் வெப்பம் போகவில்லை' என்றார்கள்.

இந்தக் 'எதிர்பார்ப்பு' எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். குழாயில் ஓடும் திரவத்துக்கு டிட்டஸ்-போல்ட்டர் என்று ஒரு சூத்திரம் உண்டு. மெக்கானிக்கல், கெமிக்கல் படித்தவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் செமஸ்டர் ஞாபகம் வரும். 1930-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கார் ரேடியேட்டர்கள் பற்றி வந்த ஆய்விலிருந்து கிளம்பியது அது. அதில் கடத்துத்திறனை மூன்று மடங்காகப் போட்டால், வெப்பம் கைமாறும் வேகம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். ஃப்ளிநாக்குக்கு அப்போது வைத்திருந்த எண் 4.5 வாட். இன்று ஏற்கப்படுவது 1-ஐ ஒட்டி.

2009-ல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்தப் பழைய தரவுகளைத் தோண்டி எடுத்தது. புதுசாக ஒரு குழாயில்கூட உப்பை ஓட்டவில்லை. பழைய அளவீடுகளில் இன்றைய கடத்துத்திறனைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டது, அவ்வளவுதான். சிதறிக் கிடந்த புள்ளிகள் கார் ரேடியேட்டர் சூத்திரத்தோடு 15 சதவீத வித்தியாசத்துக்குள் வந்து உட்கார்ந்தன.

படிவு இருந்தது பொய்யில்லை. ஆனால் அந்த விளக்கம் கையில் தயாராக இருந்ததால், எண்ணையே சந்தேகப்பட யாருக்கும் அவசரம் வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆபீஸில் சர்வர் மேல் பழி போட்டுவிட்டு, கோடில் இருக்கும் பிழையைத் தேடாமல் விடுகிறோமே, அது மாதிரி.

ஒரு எண்ணை அளக்க என்ன கஷ்டம்?

யோசனை எளிமையானது. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் உப்பு. ஒரு பக்கம் சூடு கொடுங்கள். இரண்டு பக்கமும் எத்தனை டிகிரி என்று பாருங்கள். கணக்கு முடிந்தது.

ஆனால் உப்பு திரவமாச்சே, சும்மா நிற்காது. சூடான பகுதி மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும். அந்தச் சுழற்சியும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அடுத்தது, ஃப்ளோரைடு உப்பு கண்ணாடி மாதிரி தெளிவானது. 700 டிகிரியில் தகடு அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வீசும். அதில் ஒரு பகுதி உப்பைத் தாண்டி நேரே எதிர்ப்பக்கம் போய்விடும். பக்கவாட்டில் உலோகச் சுவர் வழியாகவும் கொஞ்சம் நழுவும். மூன்று திருட்டு வழிகளும் ஒரே திசையில்தான் ஏமாற்றும்: உப்பு உண்மையில் இருப்பதைவிட நன்றாக வெப்பம் கடத்துவது போலக் காட்டும். பழைய எண்கள் அதிகமாகவே வந்ததில் ஆச்சரியமில்லை.

ஓக் ரிட்ஜில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். உப்பு நிற்கிற இடைவெளியை மெல்லிசாக வைத்து, மேலிருந்து சூடாக்கி, அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி அளந்தார்கள். மேலே சூடு இருந்தால் உப்பு சுழலாது. இடைவெளி மாறும்போது உப்பால் வரும் தடை மட்டும் மாறும், மற்ற தடைகள் அப்படியே இருக்கும், அவற்றைக் கழித்துவிடலாம். கடைக்காரர் எண்ணெயைப் பாத்திரத்தோடு எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழிப்பது போல.

ஓடும் உப்பில் அளப்பது இன்னொரு ரகளை. 1970-களின் தொடக்கத்தில் அங்கே செய்த சோதனையில் இரண்டு தொட்டிகள், நடுவில் ஹாஸ்டெல்லாய்-என் உலோகத்தில் ஒரு மெல்லிய குழாய். பம்ப் கிடையாது. ஒரு தொட்டியில் வாயு அழுத்தம் கொடுத்தால் உப்பு அடுத்த தொட்டிக்கு ஓடும், பிறகு திரும்ப இந்தப் பக்கம். குழாயிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சி அதையே ஹீட்டராக்கினார்கள். எவ்வளவு உப்பு ஓடியது என்பதை தொட்டியின் எடை மாறுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். குழாய் நெடுகிலும் வெளியே தெர்மோகப்பிள்கள்.

அந்தத் தெர்மோகப்பிளிலும் ஒரு சிக்கல். சுவருக்கும் உப்புக்கும் இடையே 20 டிகிரி வித்தியாசத்தை அளக்க வேண்டும் என்று வையுங்கள். 650 டிகிரியில் கருவி 2 டிகிரி தப்பினாலே முடிவில் 10 சதவீதம் பிழை. கூடவே ஈரம் என்ற எதிரி. துளி ஈரம் சேர்ந்தாலும் ஃப்ளோரைடு உப்பு ஹைட்ரஜன் ஃப்ளோரைடை உண்டாக்கும், அது உலோகத்தை அரிக்கும். அதனால் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் வேலை. ஃப்ளைப்பில் பெரிலியம் இருக்கிறது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. எங்காவது ஒரு ஹீட்டர் செயலிழந்தால் உப்பு குழாயிலேயே உறைந்துவிடும். பதறிப்போய் நடுவில் சூடாக்கினால், உருகி விரிகிற உப்புக்குப் போக இடமில்லாமல் குழாய் வெடிக்கும். ஓரத்திலிருந்து பொறுமையாக உருக்கி வர வேண்டும்.

கொஞ்சம் தப்பானால் என்ன ஆகிவிடும்?

ஒரு உதாரணக் கணக்கு. சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியாக 200 கிலோவாட் போக வேண்டும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5,000 வாட் கைமாறும் என்று நம்பியிருந்தால், சுவருக்கும் உப்புக்கும் இடையே 40 டிகிரி போதும். உண்மையில் 2,500தான் என்றால் 80 டிகிரி வேண்டும்.

இந்த 40 டிகிரி சின்ன விஷயம் இல்லை. கீழே 459-ல் உப்பு உறையும், மேலே 700-ஐத் தாண்டினால் உலோகத்தின் வலுவும் அரிப்பும் கவலை தரும். அந்த இடைவெளிக்குள்தான் உலை முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டும். குளிர்கிற பக்கம் சுவர் 40 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தால், சுவரை ஒட்டி உப்பு உறையத் தொடங்கும் ஆபத்து.

'அப்போ பரிமாற்றியை ரெண்டு மடங்கு பெருசாக் கட்டிட்டா?' கட்டலாம். ஆனால் எரிபொருளே உப்பில் கரைந்திருக்கும்போது, பெரிய பரிமாற்றிக்குள் அதிக யுரேனியம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். காசும் போகும், பாதுகாப்புக் கணக்கும் மாறும்.

உப்புக்குப் பதில் எண்ணெய்

இவ்வளவு தொல்லையா என்று யோசித்துத்தான் பெர்க்லியில், அதாவது 1930-ல் அந்தக் கார் ரேடியேட்டர் ஆய்வு வந்த அதே பல்கலைக்கழகத்தில், பெர் பீட்டர்சன் குழு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. வெப்பம் பரவும் விதத்தைப் பொறுத்தவரை, 600-700 டிகிரி ஃப்ளைப்பும் 60-110 டிகிரியில் இருக்கும் டௌதெர்ம்-ஏ என்ற தொழிற்சாலை எண்ணெயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பாகுத்தன்மைக்கும் வெப்பம் பரவுவதற்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றுபோல வருகிறது. அதனால் உலையின் சின்ன மாதிரியைச் செய்து எண்ணெயை ஓட்டலாம். உயரம் பாதி, மின்சாரமும் அசலுக்குத் தேவையானதில் வெறும் சில சதவீதம்தான். கண்ணாடிக் குழாய் வைத்து உள்ளே நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எண்ணெயால் முடியாதவையும் உண்டு. அது சுவரை அரிக்காது, 459 டிகிரியில் உறையாது, அகச்சிவப்பில் ஒளிராது. ரிகர்சலுக்கு ஓகே. அரங்கேற்றத்துக்கு உப்புதான்.

இன்னும் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. எல்லாக் குழாய்ச் சோதனைகளிலும் சுவரைச் சூடாக்கித்தான் உப்பைச் சூடாக்குகிறோம். எரிபொருள் கரைந்த உலையில் உப்பு தனக்குத்தானே உள்ளிருந்து சூடாகும். சுவரோரம் மெதுவாக நகரும் உப்பு அதிக நேரம் தங்குவதால் அதிகம் சூடேறும். உலையை நிறுத்தினாலும் இது நிற்காது. நிறுத்திய நொடியில் முழுத் திறனில் 6 சதவீதத்தை ஒட்டி, ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். கரன்ட் இல்லை, பம்ப் இல்லை என்ற நிலையில் சூடானது மேலே, குளிர்ந்தது கீழே என்ற இயற்கைச் சுழற்சியே அந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இத்தாலியின் மிலான் பாலிடெக்னிக்கில் டைனஸ்டி என்ற சோதனை வளையத்தில், குழாய் நெடுக ஹீட்டரைச் சுற்றி இந்த நிலைமையை ஏறத்தாழ உண்டாக்குகிறார்கள். இப்படிப்பட்ட வளையங்களில் ஓட்டம் சில சமயம் ஊசலாடும், திசையே மாறிவிடும். எப்போது அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லத்தான் இந்த மெனக்கெடல்.

இப்போ யார் என்ன செய்கிறார்கள்?

சீனாவின் கான்சு மாகாணம் வூவெய் அருகே, ஷாங்காய் பயன்முறை இயற்பியல் நிறுவனத்தின் 2 மெகாவாட் தோரியச் சோதனை உலை 2023 அக்டோபரில் தொடர்வினையைத் தொட்டது. 2024 ஜூனில் முழுத் திறனை எட்டியது. அதற்கு முன் பல வருஷம் நைட்ரேட் உப்பையும் ஃப்ளிநாக்கையும் எரிபொருள் இல்லாத வளையங்களில் ஓட்டிப் பழகியிருந்தார்கள்.

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருகிய உப்பு ஈனுலை ஒன்றுக்கான வடிவமைப்பு வேலை நடக்கிறது. அதன் ஒரு பகுதியாக, சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் 60-க்கு 40 கலந்த உப்பை பம்ப் இல்லாத இயற்கைச் சுழற்சி வளையத்தில் ஓட்டி அளந்திருக்கிறார்கள். சூரிய வெப்ப மின்நிலையங்களில் வெப்பத்தைச் சேமிக்கப் பயன்படுகிற அதே கலவை. ஃப்ளோரைடைவிட எவ்வளவோ சாது. இந்தியாவில் தோரிய உலை நாளைக்கே வந்துவிடும் என்று சொல்கிற வீடியோக்களுக்கும் இந்த வளையத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தைக் கவனியுங்கள். ஆனால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இந்த வளையம்தான்.

அமெரிக்காவில், பெர்க்லி குழுவிலிருந்து கிளம்பிய கைரோஸ் பவர் நிறுவனம் 2023 டிசம்பரில் ஓக் ரிட்ஜில் ஹெர்மீஸ் என்ற சோதனை உலையைக் கட்ட அனுமதி வாங்கியது. அதில் உப்பு குளிர்விக்க மட்டும். ஆனால் அதற்கு முன்பே நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் முழு உயர உலை மாதிரி ஒன்றைக் கட்டி, சுமார் 12 டன் ஃப்ளைப்பை ஊற்றினார்கள். யுரேனியம் ஒரு கிராம்கூட இல்லை, எல்லாமே மின்சார ஹீட்டர். 2,000 மணி நேரம் பம்ப் ஓட்டி, 2024-ல் நிறுத்தி, உப்பை இறக்கிவிட்டு, உள்ளே உலோகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பிரித்துப் போட்டார்கள்.